விடுதலைக்கு இரண்டு வார்த்தை

விரல்கள் தடதடவென்று ஓடிவந்து தீர்ப்பின் கடைசி வரியில் நின்றன. இடது கை, தாளின் மேலிருந்த அளவுகோலை ஒரு வரி கீழே இறக்கியது. இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த வேலையே.

திருவிடைமருதூரில் கோர்ட்டுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியில் உட்கார்ந்து தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்பவர் பாத்திமா மேரி. டைப்பிங்கில் ஹையர் முடித்தவர். அவருடைய ஆங்கிலம் பள்ளியில் வந்ததைவிட ஜாமீன் மனுக்களில் வந்ததுதான் அதிகம். அரெஸ்ட், ரிமாண்டு, கன்விக்‌ஷன் எல்லாம் யாராவது அழுதுகொண்டு வந்து நின்ற நாளில் அகராதியைப் புரட்டிக் கற்றவை. ஆங்கிலத்தில் சமையல் குறிப்பைக் கொடுத்தால் இன்றைக்கும் தடுமாறுவார்.

எதிரே உட்கார்ந்திருந்த கலைமகளுக்குக் குத்தாலம் பக்கம். மடை திறந்த தகராறில் அவள் கணவன் சூர்யபிரகாஷ் பக்கத்து வயல்காரரை மண்வெட்டியால் அடித்தான் என்று வழக்கு. விசாரணை முடிந்து விடுதலையாகிவிட்டான். இப்போது சிங்கப்பூரில் வேலை கிடைக்கும் நிலை. கம்பெனி தீர்ப்பை ஆங்கிலத்தில் கேட்டது. போனிலேயே மொழிபெயர்த்து அனுப்பினான். எத்தனை வருடம் சிறையில் இருந்தாய் என்று பதில் வந்துவிட்டது.

"முன்ஜாமீன்லயே இருந்த மனுஷன்க்கா. ஜெயில் வாசலக்கூட பாத்ததில்ல."

"தீர்ப்புல விடுதலைன்னு இருக்கு. போன் அதை ரிலீஸ்டுன்னு போட்டிருச்சு. உள்ள கெடந்தவனைத்தானேம்மா ரிலீஸ் பண்ணுவாங்க."

"நமக்கு எல்லாமே விடுதலைதானே?"

"நமக்கு ஒண்ணுதான். ஜெயில்லேந்து வந்தாலும் விடுதலை, கேஸ் ஜெயிச்சாலும் விடுதலை. அவங்களுக்கு வேற வேற."

கலைமகள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். "அப்ப நிரபராதின்னு போட்டுடுங்கக்கா. அதுதானே உண்மை."

"ஜட்ஜய்யா அப்படி எழுதலையே. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கப்படலன்னுதான் எழுதியிருக்காரு."

"நீங்களும் எங்க வீட்டுக்காரரை நம்பலியா?"

பாத்திமா மேரிக்குச் சுருக்கென்றது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நான் நம்புறேன்மா. ஆனா இல்லாத வார்த்தைய நான் சேத்துட்டா, யாராவது மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்குற அன்னைக்கு உன் வீட்டுக்காரரு சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க."

கலைமகள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

பாத்திமா மேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"படிம்மா."

"அக்… விட்… டட்."

"விசாரிச்சுப் பாத்துட்டு, தண்டிக்க ஒண்ணும் இல்லன்னு கோர்ட்டே அனுப்பிவச்ச ஆளுக்குத்தான் இந்த வார்த்தை. இதுல ஜெயில் வாடையே கெடையாது."

கலைமகள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "உள்ளயே 'விட்ட'ன்னு இருக்கேக்கா. நம்ம வார்த்தை மாதிரி."

இத்தனை வருடம் அடித்தும் பாத்திமா மேரிக்கு அது தோன்றியதில்லை. வாய்விட்டுச் சிரித்தார்.

பிரிண்ட் எடுத்ததும் வேலை முடியவில்லை. தமிழ்த் தீர்ப்பைக் கலைமகள் வாசிக்க, வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்த்தார். பெயரில் ஓர் எழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல இல்லை. திருத்தி, மறுபடி எடுத்தார். பிறகு தாள்களைச் சேர்த்துப் பின் அடித்தார்.

"நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கிக்க. அனுப்புறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரருக்கு ஒருதடவ படிச்சுக் காட்டு."

மடங்காமல் உறையிலிட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். கலைமகளும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.