என் உடம்பில் மூன்று பாடு

என் மகள் பிறந்த மாதத்தில்தான் எனக்குப் படர்தாமரையும் வந்தது. ஒன்றைத் தூக்க முடியவில்லை, இன்னொன்றைப் போக்க முடியவில்லை.

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவனுக்குப் படர்தாமரை வருவது அதிசயமில்லை. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் நிற்கிறோம், ஈரக் கைலியோடு படகில் உட்கார்ந்து அப்படியே காய்கிறோம். படகில் இருப்பது ஒரே துண்டு. யார் கைக்கு எட்டுகிறதோ அவர் துடைத்துக்கொள்வார். எனக்கு முதுகில் ஒரு வட்டம், தொடையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. முதுகில் இருந்தது தோசைக்கல் அகலம். இடுப்பில் இருந்தது பத்து ரூபாய் நாணயம் அளவுதான், ஆனால் அரிப்பில் அதுதான் மூத்தது.

மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் அம்மாதான் என் அத்தை. அவர் வீடு கடலோரக் குப்பத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை அழைத்து வந்த அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கை தானாக இடுப்புக்குப் போனது. அத்தை பார்த்துவிட்டார்.

"மாப்ள, கோச்சிக்காதீங்க. பச்சப் புள்ள, ஒட்டிக்கும். நல்லானப்புறம் வந்து ஆசை தீர தூக்குங்க."

கோபித்துக்கொள்ளாதே என்றால் கோபம் வராமல் இருக்குமா? மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அத்தை சொன்னதில் நியாயம் இருந்ததால் அதை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை. தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் உள்ளே போய் என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்து, "மூக்கு அப்படியே உன்னுதுப்பா" என்று எனக்கே சேதி சொன்னார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்தது ஒரு துணிச் சுருளையும் ஒரு குதிகாலையும்தான்.

படகில் பேச்செல்லாம் என் தோலைப் பற்றியே ஆகிவிட்டது. மனைவியின் தம்பி என் படகில்தான் வருகிறான். அவன் மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கி வந்தான். "தடவுங்க மாமா, ரெண்டு நாள்ல ஆளே காணாம பூடும்." என் பெரியப்பா மகன், அண்ணன், படகில் மூத்தவர். பூவரசங்காயைக் கீறினால் வரும் மஞ்சள் பாலைத் தவிர வேறு எதையும் அவர் மருந்தென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவது ஆள் எங்கள் எஞ்சினைப் பார்க்கிற மெக்கானிக். அவருக்கு எல்லா நோய்க்கும் டீசல்.

எந்த மருந்து கேட்கிறது என்று ஒரு கை பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆளுக்கொரு வட்டம், ஆளுக்கொரு மருந்து. சொல்லி வாய் மூடவில்லை, மூன்று பேரும் இடுப்பு எனக்கு என்றார்கள். சின்னது, சீக்கிரம் மறையும், சுலபமாகப் பேர் வாங்கலாம். தோசைக்கல்லைச் சீண்ட ஆளில்லை.

எங்கள் ஏரியில் இந்த மாதிரிச் சண்டைக்கு வழி உண்டு. இறால் வலை கட்டத் தோதான இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தைப் பாடு என்போம். நல்ல பாட்டை ஒருவனே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து மாற்றிக்கொண்டே வருவோம். இன்றைக்கு என் இடம், நாளைக்கு உன் இடம். இதை மீறினால் ஊரே கூடிவிடும்.

அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "சீட்டு போட்டுக்கலாம். தெனமும் மாத்திக்கலாம். யாருக்கும் மனத்தாங்கல் இருக்கக் கூடாது."

எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. முதல் நாள் இடுப்பில் டீசல், முதுகில் பூவரசம்பால், தொடையில் டியூப். மறுநாள் டீசல் முதுகுக்கு ஏறும், பூவரசு தொடைக்கு இறங்கும், டியூப் இடுப்புக்கு வரும். மச்சான் ஒருநாள் மறதியில் டியூபை டீசலின் இடத்தில் தடவிவிட்டான். மெக்கானிக் அதற்காக ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. எந்த மருந்து நல்லது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தோம். மருந்துகளுக்குள் ஓரவஞ்சனை வரக் கூடாது என்று காவல் காக்கிறவர்களாகிவிட்டோம்.

சட்டையெல்லாம் மஞ்சள் கறை. என் மேல் அடித்த வாடையில் கொசுகூட ஒதுங்கிப் போனது. மெக்கானிக் அதையும் டீசலின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் சிவப்பு அடங்கியது. அரிப்பும் இல்லை. உடனே மூன்று பேரும் ஜெயித்துவிட்டார்கள். எல்லா மருந்தும் எல்லா இடத்துக்கும் போய் வந்திருந்ததால் யாரையும் தோற்றவர் என்று சொல்ல முடியவில்லை. நான் எதையும் கேட்காமல் குளித்துவிட்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை என்னைத் தெருவிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர், என்னை மட்டும் விடுவாரா? எதிர்வீட்டுக்காரர்களும் வந்து ஒரு பார்வை பார்த்தார்கள்.

"போயிருக்கு. இருந்தாலும் ஒரு வாரம் போவட்டும் மாப்ள."

அந்த வாரத்துக்குள் டியூப் தீர்ந்தது. தீர்ந்ததும் எல்லாம் திரும்பி வந்தது, இந்தத் தடவை குட்டிகளோடு. வயிற்றிலும் வந்தது, அக்குளிலும் வந்தது. மனைவி போனில் குழந்தை கொட்டாவி விடுவதைக் காட்டினாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். படர்தாமரைக்கும் அரிப்புக்கும் அழுகிற ஆளில்லை நான். அந்தக் கொட்டாவிக்கு அழுதேன்.

பொன்னேரியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். எதை எங்கே போட்டாய் என்று கேட்டார். பாடு மாற்றுகிற முறையை விளக்கினேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"டீசல் தினமும் போட்டீங்களா?"

"தினமும்தான் மேடம். எடம் மட்டும் முறைப்படி மாறும்."

முகக்கவசத்துக்குள் அவர் சிரித்தது கண்ணிலேயே தெரிந்தது. பிறகு சொன்னார்: "அந்த டியூப்ல செவப்பையும் அரிப்பையும் அமுக்கற மருந்து கலந்திருக்கு. மேல அடங்கின மாதிரி இருக்கும், அடியில பூஞ்சை நல்லா பரவும். டீசல் தோலை வெந்துபோக வைக்கும். பூவரசு கேக்குமா கேக்காதான்னு நீங்க பண்ணின கூத்துல யாராலயும் சொல்ல முடியாது."

மாத்திரையும் ஒரே ஒரு களிம்பும் எழுதினார். ஈரத் துணியோடு இருக்காதே, உன் துண்டை யாருக்கும் கொடுக்காதே, மறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதே என்றார். ஒரே மருந்து, எல்லா இடத்துக்கும், தினமும். படகில் யாருக்கும் இதில் சுவாரசியமே இல்லை. அண்ணன் கொட்டாவி விட்டார்.

ஆனால் தோல் தேறியது. அத்தை நம்பவில்லை. டாக்டர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று என்னோடு பஸ் ஏறினார். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, சுத்தமாகப் போய்விட்டது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார். கேட்டதும் நான் எழுந்துவிட்டேன்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க வீட்ல யாருக்கும் கெடயாது" என்றார் அத்தை. சொல்லும்போதே அவர் விரல்கள் பாவாடை நாடாவுக்குள் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

"அது என்னம்மா?" என்றார் டாக்டரம்மா.

"வேர்க்குரு."

டாக்டரம்மா அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அதுவும் படர்தாமரைதான். வெளியே வந்தபோது அத்தை என்னைப் பார்க்கவில்லை. படகுத் துண்டை மச்சான் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். அவனுக்கும் இருந்தது, வெட்கத்தில் சொல்லவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச காலம் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவானது. மனைவியையும் குழந்தையையும் மறுநாளே காட்டினோம். நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றுமில்லை.

கடைசியில் என் மகள் என் கைக்கு வந்தாள். இவ்வளவுதான் கனமா என்று இருந்தது. அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், வீறிட்டாள். தோளில் போட்டேன், ஆட்டினேன், எனக்குத் தெரிந்த எல்லாச் சத்தமும் போட்டேன். அழுகை ஏறிக்கொண்டே போனது. அவளுக்கு நான் யாரோ ஒரு ஆள்.

எதிர்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும். "பேசுங்க அத்த," என்றேன்.

"இன்னாடி கண்ணு, இன்னாத்துக்கு அழுவுற? உங்க நைனா தாண்டி" என்றார், இருந்த இடத்திலிருந்தே. அழுகை நின்றது. குழந்தை என் தோளில் தலையைச் சாய்த்துக் குரல் வந்த பக்கம் தேடியது. அவர் பேசி நிறுத்தினால் மறுபடி அழுதது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், "உங்க நைனா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி என்னை அவளுக்கு அறிமுகப்படுத்தினார். நான் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.