முனியப்பன் சிப்பாய்க்குப் போட்ட துப்பாக்கி

ஜலகண்டாபுரத்தில் மலர்விழியின் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள், முன்னறையில் இருக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மீன் வளக்கறீங்களா?" என்று கேட்பார்கள். மீன் இல்லை. உள்ளே சூடான ஒரு மூக்கு உருகிய பிளாஸ்டிக்கை நூல் போல இழுத்து, வரி மேல் வரியாகப் பூசிக்கொண்டே போகும். ஒரு பொழுது பொறுத்திருந்தால் தட்டின் மேல் ஒரு பல்சக்கரமோ கொக்கியோ எழும்பி நிற்கும். கம்ப்யூட்டரில் எதை வரைந்து கொடுத்தாலும் அப்படியே செய்து தருகிற அந்த மெஷின்தான் மலர்விழியின் பிழைப்பு.

அவள் பிறந்தது நாமகிரிப்பேட்டையில், மஞ்சள் விளைவிக்கிற வீட்டில். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தாள். வகுப்பில் பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். படிப்பு முடிந்த கையோடு ஜீவானந்தத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் வீட்டில் விசைத்தறிகள் ஓடின. பழைய தறிகள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்தாலும் வடக்கே சூரத்தில் ஒரு கம்பெனியிலிருந்து வர வேண்டும். அந்தக் கம்பெனியும் மூடிவிட்டால் தறி நின்றது நின்றதுதான். ஒருமுறை அப்படி உடைந்த பல்லை மலர்விழி அளந்து வரைந்து, சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் இந்த மாதிரி மெஷின் வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்து அச்சடித்து வாங்கி வந்தாள். மாட்டியதும் தறி ஓடியது. அடுத்த மாதம் ஜீவானந்தம் ஒரு தறியை விற்று அந்த மெஷினை வாங்கிப் போட்டார். "பொண்டாட்டிக்குப் பொம்ம வாங்கிக் குடுத்தவன்" என்று அவருடைய அண்ணன்மார் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அவர்கள் தறிக்குப் பல் உடைந்தாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள்.

ஊருக்கு மேற்கே, மேட்டூர் போகிற சாலையை ஒட்டி முனியப்பன் கோயில். பெரிய மீசையோடு உட்கார்ந்திருக்கும் முனியப்பனுக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் இரண்டு சிப்பாய்கள். காக்கிச் சட்டை, சிவப்புத் தலைப்பாகை, கையில் துப்பாக்கி. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் எடுக்கும்போது இடப்பக்கத்துச் சிப்பாயை உரசியதில் அவன் துப்பாக்கி தூளாகிப் போனது. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பூசாரி கருப்பண்ணன் மலர்விழி வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, உன்ற மெஷின்ல துப்பாக்கி வருமா?"

"வரைஞ்சு குடுத்தா எது வேணாலும் வருங்கண்ணா."

வலப்பக்கத்துச் சிப்பாயின் துப்பாக்கியை அவளே நாடா வைத்து அளந்து வரைந்தாள். துண்டு துண்டாக அச்சடித்து ஒட்டினாள். கருப்பண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையில் கண்ணை வைத்தார்.

"ஓட்டையைக் காணமே?"

"சிமெண்டுத் துப்பாக்கியிலயும் இல்லீங்களேண்ணா."

"அது அந்தக் காலத்துல எவனோ செஞ்சது. நாம தெரிஞ்சே ஊனமாச் செய்யலாமா சாமி? நேந்துக்கிட்டு வெக்கற வேலுக்கும் அருவாளுக்கும் சாணை புடிச்சுத்தான வெக்கறோம்? மொட்டை ஆயுதம் முனியப்பனுக்கு ஆகாது. விசையும் அசையோணும்."

மலர்விழிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது. வேறு எதுவும் அவள் யோசிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்து குழலை உள்ளே ஓட்டை விட்டு வரைந்தாள். விசைக்குச் சுருள்வில் வைத்தாள். கறுப்பு வர்ணம் அடித்ததும், பக்கத்து வீட்டுக் குழந்தை பார்த்துவிட்டு அழுதது. கோயிலில் அதைச் சாமி காலடியில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் பூசை போட்டார்கள். அவள் போட்டோ எடுத்து, "எங்க சிப்பாய்க்குப் புதுத் துப்பாக்கி, நம்ம மெஷினில் போட்டது" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். பண்டிகை நாளில் சிப்பாய் கையில் பொருத்துவதாக ஏற்பாடு.

அந்த வாரம் பார்த்து வடக்கே ஏதோ ஒரு நகரத்தில், வீட்டிலேயே அச்சடித்த துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் பிடிபட்டது. டிவியில் நாலு பேர் நாலு பெட்டிக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டார்கள். மெஷினையே தடை செய் என்றார் ஒருவர். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது இன்றைக்கும் குற்றம்தானே, புதுச் சட்டம் எதற்கு என்றார் இன்னொருவர். மலர்விழியின் போட்டோவை எவனோ எடுத்து, அவள் எழுதிய வரியை வெட்டிவிட்டு, 'வீட்டிலேயே துப்பாக்கி அச்சடிக்கும் சேலத்துப் பெண்' என்று போட்டான். இரண்டாம் நாள் வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

வந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் ரஞ்சிதா. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். கோயிலிலிருந்து துப்பாக்கியை ஏற்கெனவே எடுத்து வந்திருந்தார். விசையை அழுத்திப் பார்த்தார். அது சொடுக்கென்று அசைந்தது.

"இது எதுக்குக்கா அசையுது?"

மலர்விழி காரணத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

"நான் நம்புறேன். ஆனா பரிசோதனைக்கு அனுப்பணும். மெஷினும் வரணும்."

போலீஸ்காரர் ஒருவர் பிளக்கைப் பிடுங்கப் போனார். மலர்விழி பதறி, "சூடா இருக்கறப்ப நிறுத்துனா மூக்கு அடைச்சுக்குங்க" என்றாள். ரஞ்சிதா அவரைக் கையமர்த்தினார். மூக்கு ஆறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகுதான் தூக்கச் சொன்னார். தன்னைப் பிடிக்க வந்தவரிடம் ஒருத்திக்கு நன்றி தோன்றுமா? மலர்விழிக்குத் தோன்றியது.

மெஷின் போனபின் முன்னறை வாய் பிளந்து கிடந்தது. வழக்கு என்று ஆகிவிட்டால் அது கோர்ட்டுச் சொத்து. தூசி படிந்து எந்த மூலையில் கிடக்குமோ. பல் வேண்டி வந்தவர்கள் வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜீவானந்தம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "துப்பாக்கிக்காரி, சோறு போடு" என்று மட்டும் கூப்பிட்டார். அவள் அழுகையும் சிரிப்புமாகப் போட்டாள்.

இப்படி மெஷின் வைத்திருப்பவர்களையும் பொதுமக்களையும் கூட்டிப் பேச, போலீஸ் தரப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். போவதற்கு முன் தறிக்காரர் சங்கத் தலைவர் குமரகுரு வந்து மலர்விழிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"பொம்மைன்னு சொல்லு. அவ்வளவுதான். ஓட்டை, விசைன்னு நீயா வாயைத் தொறக்காத. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மண்டபத்தில் பல் கட்டுகிற டாக்டர், கல்லூரி வாத்தியார், பட்டறைக்காரர்கள் என்று நல்ல கூட்டம். வக்கீல் ஒருவர், "அருவா அடிக்கிற கொல்லுப் பட்டறையை எல்லாம் பூட்டிட்டோமா? வெட்டுறவனைத்தான புடிக்கிறோம்?" என்றார். கைதட்டல். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "கொல்லன் யாருன்னு ஊருக்கே தெரியுங்க. இந்தப் பொட்டி எந்த ஊட்டுக் கதவுக்குப் பின்னால இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? மலைக்காரங்ககிட்ட நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைங்கன்னு எத்தனை தடவை கேக்கறீங்க, இதை யாருகிட்ட கேப்பீங்க?" என்றார். அதற்கும் கைதட்டல். குமரகுரு மைக்கைப் பிடித்தார். இதற்கும் ஒரு லைசென்ஸ் வந்தால் ஆபீஸ் ஆபீஸாக அலைவது சிறு தறிக்காரன்தான், தப்புச் செய்கிறவன் லைசென்ஸ் கேட்டா வரப்போகிறான் என்றார். அதுவும் உண்மைதான். கடைசியில், "எங்க புள்ள போட்டது வெறும் பொம்மைங்க. அதுல ஓட்டைகூடக் கிடையாது" என்று முடித்தார்.

மலர்விழி எழுந்துவிட்டாள். எழுந்தபின்தான் தான் எழுந்தது அவளுக்குத் தெரிந்தது.

"ஓட்டை இருக்குதுங்க. விசையும் இருக்குதுங்க. நான்தான் வெச்சேன்."

குமரகுரு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"சாமிக்குன்னு செஞ்சேன். ஆனா ரெண்டு நாளு உக்காந்து நான் அதைப் போட்டப்ப, என்ன பண்றேன்னு என்னைய யாரும் கேக்கலீங்க. எனக்கே கேக்கத் தோணலை. அதை நெனச்சாத்தான் இப்பப் பயமா இருக்குது. மெஷினைப் பூட்டாதீங்க, இங்க பல தறி அதை நம்பித்தான் ஓடுது. ஆனா யாருகிட்ட இருக்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்குங்க. அப்பப்ப வந்து பாருங்க. எங்க ஊட்டுக்கு எப்ப வேணாலும் வரலாம்."

அவள் உட்காரும் முன்பே கருப்பண்ணன் எழுந்து நின்றார். "ஓட்டை கேட்டது நானுங்க. அந்தப் புள்ள மொதல்ல ஓட்டை இல்லாமத்தான் செஞ்சுச்சு. உள்ள வெக்கறதுன்னா என்னைய வெயிங்க. காலைப் பூசைக்கு மட்டும் உட்டுருங்க."

மேடையிலிருந்த அதிகாரிகளே சிரித்துவிட்டார்கள். வெளியே வந்ததும் குமரகுரு பிடித்துக்கொண்டார்.

"உன்னைக் காப்பாத்த வந்தவனைப் பொய்யனாக்கிட்டயே! போலீஸ்காரி பக்கமே போய் உக்காந்துக்கயேன்."

"நீங்க பேசுனதாலதானுங்க எனக்கு எந்திரிக்கத் தைரியம் வந்துச்சு."

"இது வேறயா?" என்று வண்டியை உதைத்துக்கொண்டு போனார். மறுநாள் அவர்தான் சங்கத்துச் சார்பில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், மெஷினைப் பற்றி விசாரித்தார்.

பண்டிகை சிப்பாயின் வெறுங்கையோடு கழிந்தபின்தான் பரிசோதனை முடிந்து பதில் வந்தது. குண்டு போட்டுச் சுடும் அமைப்பு எதுவும் அதில் இல்லை, வழக்கு வேண்டியதில்லை. ஆனால் மேலதிகாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். துப்பாக்கியை உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழலை அடைத்து விசையை ஒட்டிவிட வேண்டும். அது முடிந்தபின்தான் மெஷினை விடுவார்கள்.

கருப்பண்ணன் ஒரே பிடியாக மறுத்தார். பூசை போட்ட பொருள் சாமியுடையது. உடைக்க மனுசனுக்கு உரிமை கிடையாது. அடைப்பதென்றால் ஊனமாக்குவது. அதற்கு முனியப்பனிடம் பூ கேட்க வேண்டும். சாமியின் இரண்டு தோளிலும் பூ வைப்பார்கள். வலத்தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு. இடத்தோள் பூ விழுந்தால் இல்லை.

"இல்லைன்னு வந்துட்டா?" என்று ரஞ்சிதா கேட்டார்.

"வந்துட்டா நீங்களே வெச்சுக்குங்க. சாமியும் வெச்சுக்காது, நானும் தொட மாட்டேன்."

"அப்ப மெஷின்?"

கருப்பண்ணன் மலர்விழியைப் பார்த்தார். தனக்காக ஜெயிலுக்குப் போகிறேன் என்று சபையில் சொன்னவரிடம் சாமியை மீறச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கேளுங்கண்ணா" என்றாள்.

ரஞ்சிதா நினைத்திருந்தால் அன்றைக்கே ஒரு சுத்தியலை எடுத்திருக்கலாம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரஞ்சிதா செருப்பைக் கழற்றிவிட்டு, துணியில் சுற்றிய துப்பாக்கியோடு ஓரமாக நின்றார். கருப்பண்ணன் இரண்டு தோளிலும் செவ்வரளியை வைத்துவிட்டு, "அய்யா, புள்ளையோட பொழப்பு. பாத்துச் சொல்லு" என்று கும்பிட்டார். பூ அசையவில்லை. வெயில் ஏறியது. குமரகுரு, "காத்துக்கூட வீசமாட்டேங்குதே" என்று முணுமுணுத்து, பக்கத்து ஆளிடம் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார். மலர்விழிக்கு வேண்டிக்கொள்ளவும் வார்த்தை வரவில்லை. இத்தனை பேர் தறியை நிறுத்திவிட்டு வந்து நிற்கிறார்களே என்ற ஒன்றே மனசுக்குள் ஓடியது. இடத்தோள் பூ லேசாகச் சரிந்தது. ஜீவானந்தம் அவள் கையைப் பிடித்தார். சரிந்த பூ முனியப்பனின் தோள்வளையில் சிக்கி நின்றது. அந்த மூச்சில் வலத்தோள் பூ வழுக்கி மடியில் விழுந்தது.

சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். ரஞ்சிதா துப்பாக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டதை மலர்விழி பார்த்தாள்.

அங்கேயே, எல்லோர் கண்முன்னும், பசையும் மணலும் குழைத்து அவள் குழலை அடைத்தாள். விசையை ஒட்டினாள். இறுகியதும் ரஞ்சிதா அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். இடப்பக்கத்துச் சிப்பாயின் கையில் ஜீவானந்தம் போல்ட் போட்டு முடுக்கினார்.

சாயங்காலம் குமரகுருவின் நூல் வண்டியில் மெஷின் வீடு வந்து சேர்ந்தது. ஜமுக்காளம் சுற்றி, ஆட்டம் கொடுக்காமல் அவரே ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இந்தப் பக்கத்தில் நன்றி என்கிற சொல்லை மேடையில்தான் சொல்வார்கள், வீட்டில் சொல்லிப் பழக்கம் கிடையாது. மலர்விழிக்கு அன்றைக்கு அது தானாக வந்துவிட்டது.

"ரொம்ப நன்றிங்கண்ணா."

குமரகுரு கூச்சத்தில் எரிந்து விழுந்தார். "நன்றியை வெச்சு நான் என்ன பண்ண? என்ற ரெண்டு தறி படுத்துக் கெடக்குது. அந்தப் பல்லை மொதல்ல போடு."

"உக்காருங்க, இப்பவே போட்டுடறேன்" என்று அவள் ஸ்விட்சைத் தட்டினாள்.