அழகான ஸ்லைடு

ஓசூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்று வெள்ளைக் கோட்டு. மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார். போச்சம்பள்ளி கம்பெனியில் வேலை செய்த என் தம்பிக்கு ஒரு மாதமாக விடாத காய்ச்சல். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

“பாருங்க சார், எவ்ளோ அழகா இருக்குது!”

லென்ஸுக்கு அடியில் பெரிது பெரிதாக ஊதா வட்டங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன.

“அப்ப பயமில்லைங்களா?”

“எல்லாமே முத்தாத வெள்ளை அணு சார். பிளாஸ்ட் செல்லுன்னு சொல்வோம். பிளட் கேன்சர். ஆனா இவ்ளோ தெளிவா ஒரு ஸ்லைடு நான் பாத்ததே இல்ல.”

அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்த் தம்பியிடம், “உங்க ரத்தம் சூப்பர் தம்பி. படிக்கிற பசங்களுக்குக் காட்டணும், இன்னொரு சொட்டு குடுங்க” என்றார். தம்பி வெட்கத்தோடு விரலை நீட்டினான்.

எங்கள் ஊர் கெலமங்கலம் போய்ச் சேரும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து, “என் ரத்தம் சூப்பராம்ணா” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டான். அந்த மனிதரைத் திட்ட வேண்டும் என்று நினைப்பேன், இன்றுவரை முடிந்ததில்லை.