முதல் சுற்று

புது பைக்கின் கைப்பிடியில் சுற்றிய பாலித்தீனை உரிக்கும்போதே மாஸ்டர் வாங்கப்போகிறவரைத் திட்டத் தொடங்கிவிடுவார். "இந்தத் தொப்பையை வச்சுக்கிட்டு டாங்க் மேல எப்படிக் குனிவாரு? ஒரு ஸ்கூட்டர் போதாதா அவருக்கு?"

எங்கள் ஷோரூமில் புது வண்டிகளைத் தயார்செய்து ஒப்படைப்பது அவர் வேலை. செயினின் தொய்வை விரலால் அமுக்கிப் பார்ப்பார். பிறகு வெளியே ஓட்டிப் பார்ப்பார். எந்த வண்டிக்கும் முதல் சுற்று அவருடையதுதான். அவருடைய சொந்த வண்டியோ, உதைத்தால் யோசித்துவிட்டுக் கிளம்பும் பழைய மொபெட்.

பந்தய வேகமும் நெடும்பயணச் சொகுசும் சேர்ந்த ஒரு நீல வண்டியை அன்று ஓட்டிவிட்டு வந்தவர், பெண் பார்த்துவிட்டு வந்தவரைப் போலப் பேசினார். "ஆறாவது கியர்ல ஊர்ந்துகிட்டே போய் முறுக்குங்க, ஒரு திணறல் கிடையாது. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாறுது. நூறைத் தாண்டினாலும் என்ஜின் சாப்பிட்டுட்டு உலாத்துற மாதிரிதான் போகுது. பட்டனை அமுக்கினா முன்கண்ணாடி மேல ஏறுது, நெஞ்சுல காத்தே அடிக்கல."

அதை வாங்கியவர் அவருடைய சகலை. மனைவியின் தங்கை கணவர்.

"நாள் பூரா நாற்காலியில உக்காந்து கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்த வேகம் எதுக்கு? பால் வாங்கப் போறதுக்கா?"

வண்டி எடுக்கச் சகலையோடு அக்காவும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள்.

"அண்ணே, உங்க கையால சாவி வாங்கணும்னுதான் இங்கேயே எடுத்தேன்" என்றார் சகலை.

"வளைவுல பார்த்துப் போங்க. உங்க கைக்குக் கொஞ்சம் கனம் ஜாஸ்தி."

பின்னால் ஏறத் தங்கை தயங்கினாள். "எனக்குப் பயமா இருக்குக்கா. முதல்ல நீ போயிட்டு வா."

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி ஏறிவிட்டார். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. மாஸ்டர் கியர் மாறும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். "ரெண்டு… மூணு… நாலா? இந்தச் சந்துல எதுக்குய்யா நாலு?"

திரும்பி வந்த மனைவியின் தலைமுடி கலைந்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது. "ஏங்க, ஒரு குலுங்கல் இல்லீங்க. நம்ம வண்டியில போனா இடுப்பே கழண்டுடும். இது சோபாவில உக்காந்த மாதிரி இருக்கு. இன்னொரு சுத்து போலாமா தம்பி?"

மாஸ்டர் வண்டியின் பக்கத்தில் குந்தி, சீட்டுக்கு அடியில் கையை விட்டார். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஸ்பிரிங்கை இறுக்கவும், தனியாகப் போனால் தளர்த்தவும் அங்கே ஒரு குமிழ் உண்டு. இருவருக்கென்று தானே இறுக்கி வைத்திருந்ததை, ஒருவருக்கான கோடு வரும்வரை கிறுகிறுவென்று திருப்பிக்கொண்டே இருந்தார்.