அத்தானின் முதுகும் ஒரு மலையாள வார்த்தையும்

முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் கலவரம் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன மாதம்தான்.

என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர் ராஜய்யன் அத்தான் ஷார்ஜாவில் டெய்லர். லீவில் கேரள எல்லையோரத்து எங்கள் ஊர் பனச்சமூட்டுக்கு வந்தவருக்குக் கை மேலே போகவில்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே குத்தல். சட்டை மாட்டக்கூட அக்கா வேண்டும். திரும்பிப் போய் மெஷினில் உட்கார முடியாவிட்டால் வேலை போச்சு... கூரை போடாமல் நிற்கிற வீட்டை யார் முடிப்பது?

ஊர் சும்மா இருக்குமா? பெட்டி தூக்கிய சுளுக்கு என்றார் ஒருவர். ஏசிக் காற்று என்றார் இன்னொருவர். கண்ணு பட்டிருக்கு என்று ஜெபமும் நடந்தது. எண்ணெய் தடவித் தடவி, அத்தான் நாற்காலியில் சாய்ந்தால் வழுக்கி விழும் நிலைமை!

கடைசியில் டாக்டர் எக்ஸ்ரே பார்த்து, எலும்பில் கோளாறில்லை என்று நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு சின்னப் பெண். கோழிக்கோட்டுக்காரி. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்தவள். குனிந்து குனிந்து தைத்ததில் முதுகுத் தசை அசந்துபோயிருக்கிறது, தடவினால் அன்றைக்குச் சுகம், பலம் வந்தால்தான் குணம் என்றாள். ஜன்னல் கம்பியில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, முனைகளை அத்தான் கையில் கொடுத்தாள்.

"வலிக்கு சேட்டா, வலிக்கு!"

மலையாளத்தில் 'வலிக்கு' என்றால் 'இழு'. அத்தானுக்கு அது தெரியாதா என்ன? எங்கள் ஊரில் இரண்டு மொழியும் ஒரே நாக்கில்தான் ஓடும். இழுத்தார். சுரீர் என்று பிடித்தது. அலறிவிட்டார் — தமிழில்.

"வலிக்கு! வலிக்கு!"

அந்தப் பெண்ணுக்கு ஒரே குஷி. இவ்வளவு உற்சாகமான பேஷண்டை அவள் பார்த்ததே இல்லை போலும். "மிடுக்கன்! இனியும் வலிக்கு!" என்று கூடவே பாராட்டிக் கத்தினாள். அத்தான் "ஐயோ வலிக்கு!" என்கிறார். அவள் "அதே, வலிக்கு!" என்கிறாள். எனக்கு விஷயம் பிடிபடுவதற்குள் வெளியே காத்திருந்த அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"எலே, எனக்க மாப்பிளைய இவ கொல்லுகாளா? பாத்துட்டு நிக்கியே!"

விளக்கினேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் இளக்கமான பட்டை ஒன்றை எடுத்துவந்து மாற்றினாள். "வேதனிச்சால் அப்போள் பறயணும் சேட்டா" என்றாள். வலித்தால் உடனே சொல்லணுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக் கூடாதாம். எப்போதிலிருந்து வலி என்றும் கேட்டாள்.

அத்தான் அக்காவைப் பார்க்காமல் சொன்னார். "மூணு வருசமா உண்டு."

"மூணு வருசமா?" அக்கா திடுக்கிட்டுப்போனாள். "அப்ப வெள்ளிக்கிழமை தோறும் ஃபோன்ல சொகமா இருக்கேன், சொகமா இருக்கேன்னு சொன்னது?"

"சொன்னா நீ அழுவே. அங்க இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய?"

அக்கா அங்கேயே அழுதாள். தமிழ், மலையாளம், ஹிந்தி, அரபி என்று எத்தனை தெரிந்து என்ன? வீட்டுக்கு ஃபோன் பண்ணி 'முடியவில்லை' என்று சொல்ல, இந்தக் கல்ஃப்காரர்களுக்கு ஒரு மொழியிலும் வாய் வராது.

லீவு முடிவதற்குள் கை மேலே போனது. இனிமேல் எதையும் மறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அக்கா விமானம் ஏற்றினாள்.

போன வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதுகு தேவலையாம். ஆனால் முட்டி பிடிக்கிறதாம், கடைவாய்ப் பல் கூசுகிறதாம், குப்பூஸ் ரொட்டி இறங்கவில்லையாம், ரூம்மேட் குறட்டை தாங்கவில்லையாம், முதலாளி ஒரு மனுஷனே இல்லையாம்... மூச்சு விடாமல் புலம்புகிறார் மனிதர்!

அக்கா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எலே, அவரு நல்லா இருக்காரு ஆக்கும்!"