எத்தனை ஏக்கர் தோட்டம்?

காலை ஏழு பத்து. பேருந்து நின்றதும் முதலில் கண்ணில் பட்டது தேயிலை அல்ல. மரச்சட்டத்தில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்ட புத்தம்புதிய மூங்கில் கூடைகள். பக்கத்தில் ஓலைத் தொப்பிகள். இரண்டும் எங்களுக்கு.

தென்சீனாவில் ஒரு மலைக்கிராமம். மருந்து அடிக்காத இயற்கைத் தேயிலைப் பண்ணை என்று சுற்றுலாத் தாளில் போட்டிருந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த எங்கள் குழுவில் அநேகமாக எல்லோரும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தம்பதிகள். என்னைக் கூட்டி வந்தவர், என் மகளைக் கட்டப்போகும் பையனின் அப்பா. நான் அவரை அண்ணை என்பேன். "பிள்ளையள் எப்பிடியும் ஒத்துப்போவினம், தம்பி. நாங்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போறமோ எண்டு பாக்கவேணும்" என்று சொல்லித்தான் டிக்கெட் போட வைத்தார்.

வரும் வழியில் பேருந்தில் கலியாண அட்டைப் பேச்சு வந்தது. எங்கள் ஆட்களின் அட்டையில் பெற்றோரின் பிறப்பிடம் வர வேண்டும். அது இல்லாத அட்டை, முகவரி இல்லாத கடிதம்.

"என்ர பக்கம் கொக்குவில், சரி. உங்கட பக்கம் என்னெண்டு போடுறது?"

"தோட்டத்தின்ட பேரையே போடுங்க, அண்ணை."

"ஓமோம். போடத்தான் வேணும். எடுப்பாய் இருக்கும்."

எனக்கு மனம் குளிர்ந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தின் ஒற்றை அறையில் பிறந்தவன் நான். அம்மா அங்கே கொழுந்து பறித்தவள். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளோடு சேர்த்து எழுதப்படாத அந்தப் பெயர், பேத்தியின் கலியாண அட்டையில் பொன்னெழுத்தில் வரப்போகிறது. வேறு எதையும் நான் சம்பந்தியிடம் கேட்கவில்லை.

பண்ணையின் வழிகாட்டி நல்ல ஆங்கிலம் பேசினார். இங்கே களை பிடுங்குவதில்லை, களைக்கும் மண்ணில் வேலை இருக்கிறது என்றார். செடிகளுக்கிடையே அவரைப் பயிர் போட்டிருந்தார்கள். பூச்சி ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டைகள் கம்புகளில் நின்றன. அவையும் எல்லாப் பூச்சிக்கும் அல்லவாம். சிலந்தியை விட்டுவைப்பார்களாம். எல்லா உயிருக்கும் இங்கே இடம் உண்டு என்று முடித்தார்.

முடித்துவிட்டு மேட்டைப் பார்த்துக் கை தட்டினார். பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிரையை விட்டு விலகி ஓரமாகப் போய் நின்றார்கள். நாங்கள் படம் எடுக்கப் பின்னணி சுத்தமாக இருக்க வேண்டுமாம். அந்தப் பெண்கள் வேறு மாகாணத்திலிருந்து பருவத்துக்கு வருபவர்கள். எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டேன். கொட்டகைக்குப் பின்னால் நீலத் தகரம் போட்ட நீளக் கட்டடத்தைக் காட்டினார். ஒரே கூரை, பல கதவுகள். சிலந்திக்குக் கொடுத்த விளக்கத்தில் பாதியைக்கூட அவர் அதற்குக் கொடுக்கவில்லை.

அங்கே கூடையை இடுப்பில் கட்டுகிறார்கள். அண்ணை தன் கூடையை முதுகுக்குத் தள்ளினார். கயிற்றை உச்சந்தலையில் மாட்டினார். கூனிக்கொண்டு நின்று, படம் எடுத்தவர்களைப் பார்த்துக் கத்தினார்:

"இஞ்ச பாருங்கோ, அசல் தோட்டக்காட்டான்!"

"அங்க ஆம்பிளையள் கொழுந்து எடுக்கிறேல்லையப்பா, பொம்பிளையள்தான்" என்றார் அவர் மனைவி.

"அப்ப நீர் வாருமன், தோட்டக்காட்டாள்!"

எல்லோரும் சிரித்தார்கள். அது மலைத்தோட்டத்து ஆட்களான எங்களை இளக்காரமாகச் சொல்ல யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கும் சொல். பள்ளிக்கூடத்தில், அரசாங்கக் கச்சேரியில், பிறகு கொழும்பில் நான் வேலை செய்த பத்திரிகை அலுவலகத்தில் கேட்ட சொல். அம்மாவின் உச்சியில் கயிறு உராய்ந்த இடத்தில் முடி கிடையாது. அதே இடத்தில்தான் அண்ணையின் கயிறும் இருந்தது.

நான் ஏதும் சொல்வதற்குள் அவர் கூடையோடு வந்து என் தோளில் கை போட்டார். வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவருடைய அப்பாவுக்கு இலங்கையில் இதுபோல ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது." பிறகு என்னிடம், "எத்தனை ஏக்கர், தம்பி?"

வழிகாட்டி மரியாதையாகத் தலை தாழ்த்தி, முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் கிணற்றடியில் வெங்காயமும் புகையிலையும் நட்ட சொந்தக் காணி. தோட்டத்தில் பிறந்தேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே நான் சொன்னதை, அவர் காணிக்காரன் மகன் என்று கேட்டிருக்கிறார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் உண்மையை அவர் தன் சொல்லுக்குள் போட்டுக் காணி உறுதி எழுதிக்கொண்டார்.

"ஏக்கர் எனக்குத் தெரியாது, அண்ணை. தோட்டம் வெள்ளைக்காரன்ட, பிறகு அரசாங்கத்தின்ட. அம்மா அங்க கூலிக்குக் கொழுந்து எடுத்தவங்க. நீங்க இப்ப நடிச்சுக் காட்டினது அவங்களைத்தான்."

வழிகாட்டிக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கோப்பையைத் திரும்ப வாங்கவில்லை. அதற்குப் பிறகு என் பக்கம் பார்த்துப் பேசவுமில்லை. அண்ணை கயிற்றைத் தலையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

"உங்களைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே" என்றார்.

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அந்தச் சிரிப்பைக்கூட நான் மன்னித்திருப்பேன். இதை முடியவில்லை.

திரும்பும் பேருந்தில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நான் உதுகள் பாக்கிற ஆள் இல்லை. பிள்ளையள் விரும்பினது விரும்பினதுதான். ஆனா சனம் கதைக்கும், தம்பி. கண்டி எண்டு போடுவம். கண்டியும் மலைதானே?"

"தோட்டத்தின்ட பேர் வராட்டி என்ட பேரும் வேணாம், அண்ணை."



ரொறன்ரோவுக்கு வந்ததும் யூனியன்வில்லில் அவர் வீட்டில் அட்டையைப் பற்றிப் பேசக் கூடினோம். அந்தப் பண்ணைத் தேயிலையைத்தான் ஊற்றினார்கள். சந்தனம், மஞ்சள், எழுத்து வடிவம் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் அண்ணை மீண்டும் கண்டிக்கு வந்தார். நான் வாய் திறக்குமுன் மகள் சொன்னாள்:

"அங்கிள், அப்பா எங்க பிறந்தவரோ அதைப் போடுங்கோ. இட்ஸ் நொட் அப் ரு யூ."

பையன், "டாட், சீரியஸ்லி" என்றான்.

"சரி, சரி. உங்கட விருப்பம். நான் ஆர் உதுக்குள்ள?" என்று அண்ணை சிரித்தார். அச்சகத்துக்குத் தானே போவதாகவும் சொன்னார்.

அட்டை வந்தது. தந்தநிறத் தாள். என் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும், காற்புள்ளி போட்டுக் கீழ்ப்பிரிவும், பொன்னெழுத்தில். ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான் அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

கலியாணத்தன்று றிச்மண்ட் ஹில் மண்டபத்தில் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒஷாவாவிலிருந்து வந்த அண்ணையின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் கை கொடுத்தார். நல்ல மனிதர்.

"நீங்கள் கண்டியில எவடம்? நானும் அங்கதான் படிச்சனான்."

கண்டி இல்லை என்றேன். அவர் கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்து விரித்துக் காட்டினார். அதே தந்தநிறத் தாள். அதே பொன்னெழுத்து. என் பெயருக்குக் கீழே மட்டும், கண்டி.

அண்ணை தன் பக்கத்து ஆட்களுக்குத் தனியாக அட்டை அடித்திருந்தார்.