தம்பி வாயில் விழாத சொட்டு

எங்கள் தெருவில் ஒரு மருந்தைத் தோற்கடித்த பெருமை எனக்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆட்சி மாறிய புதிது. இனி எல்லாம் மாறிவிடும் என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் நிலம் மட்டும் மாறாமல் மிராசுதார் வீட்டிலேயே இருந்தது. அறுவடைக் கூலியில் கலத்துக்கு அரைப் படி நெல் கூட்டிக் கேட்டு, எங்கள் தெரு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டது. அப்பாதான் முன்னால் நின்றார்.

முந்தின வருடமும் இப்படித்தான் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் மிராசுதாரின் பெரிய வீட்டிலிருந்து பிள்ளைகளுக்கென்று ஒரு அண்டா கஞ்சி வந்தது. பிள்ளைகள் குடித்தார்கள், தாய்மார்களுக்கு மனசு இளகியது, மறுநாள் எல்லோரும் அரிவாளோடு வயலில் இறங்கிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை அப்பா காளியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, தெருவையே சத்தியம் செய்யவைத்தார். கூலி முடிவாகும்வரை பெரிய வீட்டிலிருந்து எது வந்தாலும் எங்கள் வாயில் படக் கூடாது. தண்ணீர்கூட. நானும் சத்தியம் செய்தேன். கற்பூரத் தட்டு எட்டாததால் அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார்.

அந்த வாரத்தில்தான் மிராசுதாரின் மூத்த மகள் ஊருக்கு வந்தார். டாக்டருக்குப் படித்தவர், ஆனால் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. வெளிநாட்டில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறார், கல்யாணம்கூட வேண்டாம் என்றுவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். என்ன ஆராய்ச்சி என்று எங்களுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? பிள்ளைகளின் காலை முடக்கிப்போடும் இளம்பிள்ளை வாதம் வராமல் தடுக்கும் சொட்டு மருந்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர் என்பது, நான் வளர்ந்து நர்ஸ் படிப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒரு மதியம் அவரே எங்கள் தெருவுக்கு நடந்து வந்தார். கூட வந்த ஆள் தலையில் ஒரு மரப்பெட்டி. கும்பகோணத்திலிருந்து ஐஸ் வாங்கி, உமி போட்டு மூடி, நடுவில் மருந்தை வைத்துக் கொண்டுவந்திருந்தார். புளியமரத்தடியில் பெட்டியை இறக்கினார்கள்.

அப்பா போய் எதிரே நின்றார். “கூலியக் கூட்டிக் குடுக்கச் சொல்லுங்கம்மா. மருந்த அப்பறம் பாத்துக்கலாம்.”

“கூலி எங்கப்பா சமாச்சாரம். நான் சொன்னா கேக்க மாட்டாரு. இது பிள்ளைங்க கால் சமாச்சாரம். ஐஸ் கரையறதுக்குள்ள வாயில விட்டுடணும், நீங்க கொஞ்சம் சொல்லுங்க.”

அப்பாவை ‘நீங்க’ என்று சொன்ன முதல் பெரிய வீட்டு ஆள் அவர்தான். அப்பா ஒரு நிமிஷம் தடுமாறியதை நான் பார்த்தேன். ஆனால் தெருவே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. “போன வருசம் கஞ்சி. இந்த வருசம் மருந்தாக்கும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி என் இடுப்பில் இருந்தான். இரண்டு வயது முடியவில்லை. பெட்டியைத் திறந்ததும் புகை மாதிரிக் கிளம்பியதல்லவா, குச்சி ஐஸ் என்று நினைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே வாயைப் பிளந்தான். டாக்டரம்மா சட்டென்று எங்களிடம் வந்து மண்ணில் முட்டி போட்டார். “அப்படியே வச்சுக்கடா கண்ணு,” என்று சொட்டுக் குழாயை நீட்டினார். சொட்டு நுனியில் தொங்கியது.

நான் தம்பியின் வாயைப் பொத்தினேன்.

சொட்டு என் புறங்கையில் விழுந்தது. தெரு விசிலடித்தது. அப்பா ஓடிவந்து என்னையும் தம்பியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா ஐஸ் கரைகிற வரைக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அரைப் படி கிடைத்தது. தை மாதம் முழுக்க எங்கள் தெருவில் என் கதைதான்.

சித்திரையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் விட்டது. அம்மா அவனை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். வலது கால் ஈரத்துணி போலத் தொங்கியது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் வரை போய்வந்தார். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரே ஒரு தடவை விடும் மருந்தில் முழுக் காப்பு வந்திருக்காது என்று பிறகு படித்தேன். அதைச் சொல்லி இன்றைக்கும் என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். மனசு தேறமாட்டேன் என்கிறது.

அடுத்த அறுவடைக்கு டாக்டரம்மா மறுபடி வந்தார், அதே மாதிரிப் பெட்டியோடு. இந்தத் தடவை தெருவே வரிசையில் நின்றது. முதல் ஆளாக அப்பா, தம்பியைத் தூக்கிக்கொண்டு. தலை நிமிரவே இல்லை. டாக்டரம்மா தம்பியின் காலைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவன் வாயில் மருந்தை விட்டார்.

எனக்கு உயிர் வந்தது. மருந்து என்றால் குணமாக்குவது என்றுதான் எனக்குத் தெரியும். “இனிமே நடப்பான்லங்கம்மா?” என்று கேட்டேன்.

அவர் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். கோபம் இன்னும் தீரவில்லை, அதனால் குறைத்து விட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. கிட்டே போய்ச் சொன்னேன்: “அன்னைக்கு நான்தாங்கம்மா வாயப் பொத்துனேன். அவன் தொறந்துதான் வச்சிருந்தான். இன்னும் ரெண்டு சொட்டு விடுங்கம்மா.”

டாக்டரம்மா குழாயை எடுத்தார். கேட்டபடி இன்னும் இரண்டு சொட்டு விட்டார். அப்பா திரும்பிக்கொண்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தம்பியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு கையையும் விட்டேன். விழுந்தான். தூக்கி நிறுத்தி மறுபடி விட்டேன். மறுபடியும் விழுந்தான், சிரித்தான். மூன்றாம் தடவை அம்மா ஓடிவந்து என் முதுகில் அடித்தாள். அடித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அம்மாவுக்குப் பொறுமையே இல்லை, மருந்து வேலை செய்ய இரண்டு நாளாவது ஆகாதா என்று நினைத்துக்கொண்டேன்.